தேர்வாகலன்னா அதையும் சொல்லுங்க: ஆள் எடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹெச்.ஆர்ல இருக்குறவங்களுக்கும், ரெக்ரூட்டர்களுக்கும், இன்டர்வியூ எடுத்துட்டு முடிவு சொல்ல வேண்டிய மேனேஜர்களுக்கும்,

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கம்பெனியில எனக்கு இன்டர்வியூ நடந்துச்சு. முதல்ல ஃபோன்ல பேசுனாங்க, அப்புறம் வீட்டுல உக்காந்து செய்யச் சொல்லி ஒரு அசைன்மென்ட், அப்புறம் டீமோட ஒரு ரவுண்டு, கடைசியா மேனேஜர். "இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுறோம்"னு சொன்னாங்க, சொல்லல. மரியாதையா கேட்டு மெயில் போட்டேன், மறுபடியும் போட்டேன், கடைசியில வந்த பதில் என்ன தெரியுமா? தேர்வாகாதவங்களுக்குத் தனியா தகவல் சொல்றது எங்க பாலிசி இல்ல. இதைச் சொல்றதுக்கு ஒருத்தர் உக்காந்து டைப் பண்ணியிருக்காங்க. அவ்ளோ டைப் பண்ண நேரத்துல "நீங்க தேர்வாகல"ன்னு ரெண்டு வார்த்தை போட்டிருக்கலாம். இப்ப அந்த மெயிலை எத்தனை தடவை படிச்சாலும் நான் தேர்வாகலையா, இல்ல இன்னும் முடிவே எடுக்கலையான்னு தெரியல.

அந்தக் கம்பெனி பேரை நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட நிக்கிற பழக்கம் இல்ல. விளம்பரத்துக்கு அடியில "ஷார்ட்லிஸ்ட் ஆனவங்களை மட்டுமே தொடர்பு கொள்வோம்"னு ஒரு வரி போடுறீங்க. சரி, நூத்துக்கணக்குல அப்ளிகேஷன் வந்து விழுற இடம், முதல் கட்டத்துல அதைப் புரிஞ்சுக்க முடியுது. ஆனா அந்த வரி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, உங்களோட மணிக்கணக்கா பேசி, உங்களுக்காக ராத்திரி உக்காந்து அசைன்மென்ட் செஞ்சு கொடுத்தவங்க வரைக்கும் வந்துடுச்சு. அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. அடுத்த இன்டர்வியூல உக்காந்தா உங்கள்ல இன்னொருத்தர் சிரிச்ச முகத்தோட கேக்குறாங்க, "வேலை இல்லாம இவ்ளோ நாள் கேப் இருக்கே, எப்படி உங்களை மோட்டிவேட்டடா வச்சுக்கிட்டீங்க?" அதுக்கு நாங்க எல்லாரும் ஒரு ரெடிமேட் பதில் வச்சிருக்கோம், ஆன்லைன் கோர்ஸ் பண்ணேன், ஸ்கில் வளர்த்துக்கிட்டேன், அது இதுன்னு. அங்க சொல்ல முடியாத பதிலை இங்க எழுதுறேன்.

மோட்டிவேஷன்னா காலையில எழுந்ததும் உள்ள இருந்து தானா பொங்கி வரணும், வரலைன்னா ஆளு சரியில்லன்னு ஒரு நினைப்பு இருக்கு. விக்டர் வ்ரூம்னு ஒரு உளவியலாளர் 1964லயே இதை வேற மாதிரி சொல்லியிருக்கார், மேனேஜ்மென்ட் படிச்ச உங்கள்ல பாதிப் பேர் அதைப் பரீட்சைக்கு எழுதியிருப்பீங்க. முயற்சி பண்ணா நல்லா செய்ய முடியும்ங்கற நம்பிக்கை, நல்லா செஞ்சா அதுக்கு ஒரு பலன் வரும்ங்கற நம்பிக்கை, அந்தப் பலன் எனக்கு வேணும்ங்கற ஆசை. இந்த மூணையும் அவர் கூட்டல, பெருக்குனார். ஒண்ணு சைபர் ஆனா மொத்தமும் சைபர். ஆசையைப் பத்தி கேக்கவே வேணாம், வேலை இல்லாதவனுக்கு வேலை மேல ஆசை இல்லாம இருக்குமா? நல்லா செஞ்சா பலன் வரும்ங்கற ரெண்டாவது நம்பிக்கைதான் முழுக்க உங்க கையில இருக்கு. "இல்ல"ன்னு சொல்றதும் ஒரு பலன்தாங்க. அதை வச்சு எதையாவது திருத்திக்கலாம். பதிலே வரலைன்னா எதைத் திருத்துறது? ரெஸ்யூமேயையா, பேசுன விதத்தையா, கேட்ட சம்பளத்தையா, இல்ல நான் ஒழுங்காத்தான் செஞ்சேன் ஆனா அந்த வேலைக்கே பட்ஜெட் போயிடுச்சா? எதுன்னு தெரியாம எல்லாத்தையும் மாத்திப் பாக்குறோம், நல்லா இருந்ததையும் சேத்து மாத்திடுறோம்.

"வரலைன்னா இல்லன்னு எடுத்துக்க வேண்டியதுதானே, இதுல என்ன இருக்கு"ன்னு என் சொந்தக்கார ரெக்ரூட்டர் ஒருத்தரே கேட்டாங்க. எடுத்துக்க முடியாதுங்க, மனசு அப்படி வேலை செய்யாது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல 2016ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 45 பேரை கம்ப்யூட்டர் கேம் ஆட வச்சாங்க, பாறையைப் புரட்டணும், அடியில பாம்பு இருக்கா இல்லையான்னு முன்னாடியே ஊகிக்கணும், பாம்பு இருந்தா கையில லேசா கரன்ட் ஷாக். வேர்வையையும் கண் பாப்பாவையும் வச்சு டென்ஷனை அளந்தாங்க. டென்ஷன் எப்ப உச்சத்துல இருந்துச்சுன்னா, ஷாக் நிச்சயம்னு தெரிஞ்சப்ப இல்ல, வருமா வராதான்னு பாதிக்குப் பாதி இருந்தப்ப. ஷாக் கண்டிப்பா வரப்போகுதுன்னு தெரிஞ்சப்ப கூட அதை விட அமைதியா இருந்திருக்காங்க. நீங்க பதில் சொல்லாம விடுற ஒவ்வொரு ஆளையும் அந்த பாதிக்குப் பாதியிலதான் நிக்க வச்சுட்டுப் போறீங்க.

அதுல நிக்கிறது எப்படி இருக்கும்னு சொல்றேன். தெரியாத நம்பர்ல கால் வந்தா நெஞ்சு ஒரு நிமிஷம் நிக்கும், எடுத்தா லோன் வேணுமான்னு கேப்பாங்க. மெயிலைத் திறந்து பாத்து, ஸ்பேமைத் திறந்து பாத்து, நெட் வேலை செய்யுதான்னு செக் பண்ணி, திரும்ப மெயில். குளிக்கப் போனா ஃபோனை வெளிய கேக்குற மாதிரி வச்சுட்டுப் போறது. எங்கயாவது வெளியூர் போகலாம்னு வீட்டுல சொன்னா, ஒருவேளை நாளைக்கு கூப்பிட்டுட்டா? இன்னொரு சின்ன வேலைக்கு ஆஃபர் வந்தா, எடுத்துட்டு அடுத்த நாள் பெரிய இடத்துல இருந்து கூப்பிட்டா? இப்படி எந்த முடிவும் எடுக்க விடாம ஒரு மனுஷனை நிறுத்தி வைக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு நிமிஷம் கூட செலவாகல, ஏன்னா நீங்க எதுவுமே செய்யல, அவ்ளோதான். வீட்டுல இருக்குறவங்க முதல்ல "ஏதாச்சும் வந்துச்சா"ன்னு தினம் கேப்பாங்க, அப்புறம் கேக்குறதை விட்டுடுவாங்க, எனக்கு ரெண்டாவதுதான் அதிகமா வலிச்சுச்சு.

"அது சிஸ்டம் தானா ஃபில்டர் பண்ணது, பர்சனலா எடுத்துக்காதீங்க"ன்னு ஒரு ஆறுதல் சொல்லுவீங்க பாருங்க, அதைப் பத்தியும் பேசணும். கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு உளவியலாளர், ஒதுக்கப்படுறதைப் பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர். அவர் ஆய்வுல ஸ்க்ரீன்ல பந்து தூக்கிப் போட்டு விளையாடுற ஒரு சின்ன கேம், கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் உங்களுக்குப் பந்தே போட மாட்டாங்க. 2004ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு குரூப்புக்கு, நீங்க ஆடுறது மனுஷங்களோட இல்ல, கம்ப்யூட்டரோடதான்னு முன்னாடியே சொல்லிட்டு ஆட வச்சாங்க. அப்பவும் அவங்க சுயமரியாதை, தன் கையில எல்லாம் இருக்குங்கற உணர்வு, நானும் இங்க ஒருத்தன்ங்கற உணர்வு எல்லாம் சரிஞ்சுச்சு. மெஷின் ஒதுக்குனாலும் வலிக்கத்தான் செய்யும், ஆளு பலவீனம்னு அர்த்தம் இல்ல. அப்புறம் அந்த மெஷின்ல என்ன ஃபில்டர் வைக்கணும்னு முடிவு பண்ணது நீங்கதானே.

இப்ப கேப்புக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இது. க்ரோஃப்ட், லேஞ்ச், நோட்டோவிடிக்டோன்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 100 நகரங்கள்ல வந்த சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பாத்தாங்க. எத்தனை மாசமா வேலை இல்லைங்கறதை எந்த ரெஸ்யூமேக்கு எவ்ளோன்னு குலுக்கல் மாதிரி போட்டு அனுப்புனது, அதனால தகுதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா வேலை இல்லாத மாசம் கூடக்கூட கூப்பிடுறது குறைஞ்சுக்கிட்டே போச்சு, அதுவும் முதல் எட்டு மாசத்துலயே பெரும்பாலான சரிவு முடிஞ்சுடுச்சு. இன்னொண்ணும் கவனிச்சாங்க, வேலை கிடைக்கிறது எல்லாருக்குமே கஷ்டமா இருந்த நகரங்கள்ல இந்த வித்தியாசம் குறைவு. அதாவது, அங்க ஆள் எடுக்குறவங்களுக்கு "ஊரே இப்படித்தான் இருக்கு, இவங்க தப்பு இல்ல"ன்னு தோணியிருக்கலாம். மத்த இடத்துல "வேற யாரும் எடுக்கல, அப்ப ஏதோ குறை இருக்கும்"னு தோணியிருக்கலாம்.

இதை நல்லா யோசிங்க. உங்கள்ல ஒருத்தர் எங்களை எடுக்கல, அதைப் பாத்து இன்னொருத்தரும் எடுக்கல, அப்புறம் எல்லாரும் சேர்ந்து "ஏன் இவ்ளோ கேப்?"னு எங்களைக் கேக்குறீங்க. நீங்க ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ஆறு வாரம் பதில் சொல்லாம இழுத்தடிச்சா அந்த கேப்ல எவ்ளோ பங்கு உங்களோடதுன்னு ஒரு தடவையாவது கணக்குப் போட்டிருக்கீங்களா?

கேப் நீளும்போது ஆளும் மாறித்தான் போறாங்க, அதை நான் மறைக்கல. ஆனா ஏன் மாறுறாங்கங்கறது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். ஆஸ்திரியாவுல, வியன்னா பக்கத்துல மரியன்தால்னு ஒரு சின்ன ஊர், ஊருக்கே ஒரு மில்லுதான், அது மூடுனதும் ஊரே வேலை இல்லாம ஆயிடுச்சு. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல்னு மூணு பேர் தலைமையில ஒரு குழு அங்க போய் 1931லயும் 1932லயும் பாத்து எழுதுனாங்க, 1933ல வெளிவந்துச்சு. வேலை இல்லைன்னா நேரம் நிறைய இருக்கும், நிறைய படிப்பாங்கன்னுதானே நினைப்போம்? அந்த ஊர் லைப்ரரியில கட்டணத்தையே எடுத்துட்டாங்க, அப்பவும் ஜனங்க எடுத்துட்டுப் போற புத்தகம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுடுச்சு. ஆம்பளைங்க தெருவுல நடக்குற வேகம் குறைஞ்சுச்சு, அடிக்கடி நின்னு நின்னு போனாங்க, நிறைய பேர் கையோட வாட்ச் வச்சுக்கிறதையே விட்டுட்டாங்க. அவங்க யாரும் சோம்பேறி இல்ல, நேத்து வரைக்கும் மில்லுல உழைச்சவங்க. யஹோடா பின்னாடி இதைப் பத்தி சொன்னப்ப, வேலைங்கறது சம்பளத்தோட சேத்து ஒரு நாளுக்கு ஒரு ஒழுங்கைக் கொடுக்குது, வீட்டுக்கு வெளிய மனுஷங்களைக் கொடுக்குது, நாலு பேரோட சேர்ந்த ஒரு நோக்கத்தைக் கொடுக்குது, இன்னார்னு ஒரு அடையாளத்தைக் கொடுக்குது, சும்மா இருக்க விடாம வைக்குதுன்னு சொன்னாங்க. வேலை போனா இது அத்தனையும் ஒரே நாள்ல போகுது. அதை எல்லாம் இழந்துட்டு உக்காந்திருக்குறவங்ககிட்டதான் நீங்க எனர்ஜி இருக்கா, ஆர்வம் தெரியுதான்னு பாக்குறீங்க. 2009ல பால், மோசர்ங்கற ரெண்டு பேர் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேத்துப் பாத்தப்ப, மனநல பாதிப்பு இருக்குறவங்க வேலையில இருக்குறவங்கள்ல 16 சதவீதம், வேலை இல்லாதவங்கள்ல 34 சதவீதம். ரெண்டு மடங்குக்கும் மேல.

ஒரு சின்ன விஷயம் நடுவுல. உங்கள்ல சில பேர் சோஷியல் மீடியாவுல காலையில எழுந்ததும் "விடாமுயற்சி, பாசிட்டிவ் திங்கிங், கனவு காணுங்க"ன்னு போஸ்ட் போடுறீங்க. தயவுசெஞ்சு அதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க. கேப்ரியேல் ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002ல வெளியிட்ட ஆய்வுல, படிப்பு முடிச்சு வேலைக்குப் போகப்போற மாணவங்கள்ல நல்ல வேலை கிடைச்ச மாதிரி சுகமா கற்பனை பண்ணிக்கிட்டே இருந்தவங்க ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா குறைவா அப்ளை பண்ணியிருந்தாங்க, குறைவான ஆஃபர்தான் வந்திருந்துச்சு, சம்பளமும் குறைவு. கற்பனை பண்ணாம, "எனக்குக் கிடைக்கும்"னு எதிர்பார்ப்பு வச்சிருந்தவங்க நல்லா வந்தாங்க. அந்த எதிர்பார்ப்பு எதுல இருந்து வருது? முன்னாடி நடந்ததுல இருந்துதான் வருது. முன்னாடி என்ன நடந்துச்சுன்னே நீங்க எங்களுக்குச் சொல்லலைன்னா கற்பனை ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம்.

நாங்களும் சும்மா உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டு இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் ஓரளவுக்கு உதவுனது, "இந்த வாரம் வேலை கிடைக்கணும்"னு குறி வைக்காம "காலையில காபி குடிச்சு முடிச்சதும் ஒரு அப்ளிகேஷன் எழுதுவேன், மதியத்துக்கு மேல மெயில் பாக்க மாட்டேன்"னு என் கையில இருக்குறதை மட்டும் முடிவு பண்ணிக்கிட்டது, அப்புறம் என்னை மாதிரியே தேடுறவங்க நாலு பேர் சேர்ந்து வாராவாரம் பேசிக்கிட்டது. இதுக்கெல்லாம் பலன் இருக்குன்னு ஆய்வும் சொல்லுது. 2014ல லியூ, ஹுவாங், வாங்னு மூணு பேர் 47 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, வேலை தேடப் பயிற்சி எடுத்தவங்களுக்கு வேலை கிடைக்கிற வாய்ப்பு விகிதம் 2.67 மடங்கு அதிகம், அதுவும் எப்படித் தேடுறதுங்கற திறமையும் மனசைத் தாங்கிப் பிடிக்கிறதும் ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான். மிச்சிகன் யுனிவர்சிட்டியில 1980கள்ல ஆரம்பிச்ச ஜாப்ஸ்ங்கற பயிற்சியில, தோல்வி வரும்னு முன்கூட்டியே எதிர்பார்த்து, வந்தா அடுத்து என்ன செய்யலாம்னு தயாராகுறதையே ஒரு முக்கியமான பாடமா வச்சிருந்தாங்க, தடுப்பூசி போடுற மாதிரி. ஆனா தோல்வி வந்துடுச்சுன்னு தெரிஞ்சாத்தானே அந்தத் தயாரிப்பு வேலைக்கு ஆகும்?

உங்க பக்கம் கஷ்டம் இல்லைன்னு நான் சொல்லல. ஒரு ஆளு முப்பது வேலைக்கு ஆள் தேடுவீங்க, மேனேஜர் முடிவு சொல்லாம இழுப்பார், முதல் ஆளு ஜாயின் பண்ற வரைக்கும் ரெண்டாவது ஆளைக் கையில வச்சுக்கணும், காரணம் சொன்னா கேஸ் போட்டுடுவாங்கன்னு லீகல்ல பயமுறுத்தியிருப்பாங்க. புரியுது. ஆனா அப்ளை பண்ண அடுத்த செகண்டே "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது"ன்னு மெயில் அனுப்பத் தெரிஞ்ச அதே சாஃப்ட்வேருக்கு "முடிஞ்சுடுச்சு"ன்னு இன்னொரு மெயில் அனுப்பவும் தெரியும், யாராவது அந்த ஸ்டேட்டஸை மாத்துனா போதும். காரணம் சொல்லத்தான் சட்டப் பயம், முடிவைச் சொல்ல என்ன பயம்? ரெண்டாவது ஆளா வச்சிருக்கோம்னா அதையே சொல்லுங்களேன், "நீங்க இப்போதைக்கு வெயிட்டிங்ல இருக்கீங்க, இந்தத் தேதிக்குள்ள தெரியும்"னு. நாங்க குழந்தைங்க இல்ல, தாங்கிக்குவோம். நீங்க நினைக்கிறதை விட நல்லாவே தாங்கிக்குவோம்.

அதனால நான் கேக்குறது இதுதான்.

விளம்பரத்துல அந்த "ஷார்ட்லிஸ்ட் ஆனவங்களை மட்டும்" வரியை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா எந்தத் தேதிக்குள்ள முடிவு பண்ணுவீங்கங்கறதைப் போடுங்க, அந்தத் தேதி தள்ளிப் போனா ஒரு வரி மெயில் விடுங்க. வெறும் அப்ளிகேஷன் போட்டவங்களுக்கு ஆட்டோமேட்டிக் மெயில் போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா ஒரு தடவையாவது உங்க ஆளோட நேர்லயோ ஃபோன்லயோ பேசுனவங்களுக்கு பேர் போட்டு ஒரு மனுஷன் எழுதுன பதில் போகணும். அசைன்மென்ட் வாங்குனீங்கன்னா ரெண்டு வரியாவது அதைப் பத்தி எழுதுங்க, எழுத நேரம் இல்லைன்னா அசைன்மென்ட் கேக்காதீங்க. வேலைக்கு ஆள் எடுத்தாச்சுன்னா இல்ல அந்த வேலையே கேன்சல் ஆயிடுச்சுன்னா அன்னைக்கே விளம்பரத்தை எடுத்துடுங்க. மேனேஜர்களுக்குத் தனியா ஒண்ணு: இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கே உங்க கருத்தை சிஸ்டத்துல போட்டுடுங்க, ஹெச்.ஆர் உங்க பின்னாடி அலையுற ரெண்டு வாரமும் எங்க தூக்கம்தான் போகுது. முதல் கட்டத்துல ரெஸ்யூமே பாக்கும்போது வேலை இல்லாத மாசக் கணக்கு பாக்குறவங்க கண்ணுல படாத மாதிரி வைக்க முடியுமான்னு உங்க சாஃப்ட்வேர்காரங்ககிட்ட கேளுங்க, கேப்பைப் பத்திக் கேட்டே ஆகணும்னா வேலையைப் பத்திப் பேசி முடிச்ச அப்புறம் கேளுங்க.

இதுல எதையாவது உங்களால செய்ய முடியாதுன்னா, எது, ஏன் முடியாதுன்னு உங்க கம்பெனி கரியர்ஸ் பக்கத்துல எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போடுங்க. படிச்சுட்டு அப்ளை பண்றதா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.

இப்படிக்கு,
இன்னமும் அப்ளை பண்ணிக்கிட்டு இருக்குற ஒருத்தர்